கார்னர்னாலே வயித்தக் கலக்குது: ஒரு யுனைட்டெட் ரசிகனோட நாட்குறிப்பு

அக்டோபர் 28, 2024, திங்கள்

எங்க மான்செஸ்டர் யுனைட்டெட் ஃபுட்பால் டீமோட கோச் டென் ஹாக்கைத் தூக்கிட்டாங்க. சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்துல போன் பாத்தா வரிசையா அதே நியூஸ். நேத்து வெஸ்ட் ஹாம்கிட்ட 2-1 தோல்வி, அதுவும் கடைசில வி.ஏ.ஆர்., அதான் வீடியோ பாத்துச் சொல்ற ரெஃபரி, குடுத்த பெனால்டி, அது பெனால்டியான்னு கேட்டா சத்தியமா இல்ல. ஆனா அந்த ஒரு பெனால்டியாலயா இந்த நிலைமை? லீக்ல 9 மேட்ச், 11 பாயின்ட், 14வது இடம். எனக்குக் கோவம் டென் ஹாக் மேலகூட இல்ல. மே மாசம் மான்செஸ்டர் சிட்டியை அடிச்சு எஃப்.ஏ. கப் தூக்குனாரு, அந்தக் குஷில ஜூலைல கான்ட்ராக்ட்டை 2026 வரைக்கும் நீட்டுனாங்க, கூடவே நிஸ்டல்ரூயையும் ரெனே ஹாகேயையும் உதவி கோச்சாக் கொண்டுவந்தாங்க, இப்ப நாலு மாசம்கூட முழுசா ஆகல, போப்பாங்குறாங்க. வேணாம்னா ஜூன்லயே அனுப்பிருக்கலாம்ல. வாடகை வீட்டைக் காலி பண்ணணும்னு முடிவு பண்ணிட்டுப் புதுசா வெள்ளையடிச்ச கதை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

ஊருக்கு வந்தாச்சு, கோவில்பட்டி. ராத்திரி ஒண்ணே கால் மணிக்கு லெஸ்டர்கூட லீக் கப் மேட்ச். தற்காலிகமா நிஸ்டல்ரூய் பொறுப்புல முதல் ஆட்டம், 5-2 ஜெயிச்சாச்சு. கசெமிரோ தூரத்துலருந்து ஒண்ணு வச்சான் பாருங்க, போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டேன். மூணு மணிக்குக் கண்ணு சொருகுச்சு, நாலு மணிக்கு அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து நிக்காங்க.

அப்பா இட்லி சாப்பிடுறப்ப கேட்டாரு, "என்னல, உங்க ஆளுவ ஜெயிச்சுட்டானுவளா?" அப்பா அந்தக் காலத்து ஹாக்கி ஆளு. எங்க ஊர்ல ஹாக்கி மட்டைதான் முதல், மத்ததெல்லாம் அப்புறம். ஃபுட்பால அவரு பாக்குறதே எனக்காகத்தான், அதுவும் பாதி கிண்டலுக்கு.

நவம்பர் 25, திங்கள்

புது கோச் அமோரிம் வந்தாச்சு, லிஸ்பன்லருந்து அவரோட கோச்சுங்களும் கூடவே. நேத்து இப்ஸ்விச் மேட்ச், ராத்திரி பத்து மணி, உக்காந்து முழுசா ரெண்டு நிமிஷம் ஆகல, ரேஷ்ஃபோர்டு கோல். சத்தத்துல பக்கத்து ஃப்ளாட்டுல லைட் எரிஞ்சுது. கடைசில 1-1. மூணு டிஃபெண்டர் வச்சு ஆடுற 3-4-3, ஓரத்துல மேலயும் கீழயும் ஓடுற விங்பேக்கா அமாத். பழகட்டும், ஒரு மாசம் நான் வாயே தொறக்கப் போறதில்லன்னு இங்கயே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

பத்து நாள்தான் தாங்குச்சு.

ஆர்சனல்கிட்ட 2-0. ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு ஆரம்பிச்ச மேட்ச், காலைல ஒன்பதரைக்கு ஆபீஸ்ல மீட்டிங் வேற. ரெண்டுமே கார்னர், மூலைலருந்து அடிக்கிற பந்து. டிம்பர் ஒண்ணு, அப்புறம் சலீபா. ஆர்சனல்காரன் கார்னர்ல கோல் போடுவான்னு என் தெருவுல காய்கறி விக்கிறவருக்குக்கூடத் தெரியும், அதுக்குன்னே ஜோவர்னு ஒரு கோச் வச்சிருக்கான், அந்தாளு டச்லைன்ல நின்னு கையைக் காட்டுறதக் கேமராவுல தனியாவே காட்டுறாங்க. நம்மாளுங்க அதுக்கு என்ன ஏற்பாடு பண்ணாங்கன்னுதான் தெரியல.

டிசம்பர் 8, ஞாயிறு

நேத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்கிட்ட 3-2 தோல்வி. ரெண்டாவது நிமிஷம் கார்னர், மிலென்கோவிச் தலையால முட்டி உள்ள. நாலு நாள்ல மூணாவது கார்னர் கோல்! தட்டுல தோசை ஆறல அதுக்குள்ள.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். டம்ளர் எல்லாத்தையும் தரைல அடுக்கி, இவன் இங்க நிக்கான், அவன் அங்கருந்து ஓடி வாரான்னு காட்டுனேன். சோனல் மார்க்கிங்னா என்னன்னும் சொன்னேன், ஆளைப் பிடிக்காம இடத்தைப் பிடிக்கிறது. அவரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "அந்தச் சின்ன டம்ளரை யாரு பாக்கணும்?" அப்டின்னாரு. நான் முழிச்சேன். "பாத்தியா, உனக்கே தெரியல. அங்க நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்? ஹாக்கில பெனால்டி கார்னர்னா எங்களுக்கு நாலு பேரும் கோலியும்தான். பந்து தள்ளுன உடனே மொத ஆளு நேரா அடிக்கிறவன் மேல பாயணும், ஒருத்தன் போஸ்ட்ட விட்டு அசையக் கூடாது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அவன் அவன் வேலையச் சொல்லணும். சாயங்காலம் இருட்டுற வரைக்கும் மாஸ்டர் அதையே பண்ண விடுவாரு. ஒரு நாள் கோல் விழுந்தா ஆடுறவனத் திட்டு. தெனமும் விழுந்தா சொல்லிக்குடுத்தவனப் போய்க் கேளு."

அவரு முழங்கைல இன்னும் ஒரு தழும்பு இருக்கு. மொத ஆளா ஓடுனது அவருதான். இத்தனை வருஷத்துல நான் அதக் கேட்டதே இல்ல.

சாயங்காலம் இன்னொரு நியூஸ். ஸ்போர்ட்டிங் டைரக்டர் டேன் ஆஷ்வொர்த்தும் கிளம்பிட்டாராம், வந்து அஞ்சே மாசம். கோச்சைத் தேடுற ஆளையே தேடணும் இனிமே. இதுல நிஸ்டல்ரூய் கதைதான் உச்சம், இங்க நாலு மேட்ச் பாத்துக்கிட்டாரு, அதுல லெஸ்டரை மட்டும் ரெண்டு தடவை அடிச்சாரு, இப்ப லெஸ்டர்காரனே அவரக் கூப்ட்டு கோச் ஆக்கிட்டான். அவனுக்குத் தெரியுது!

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒண்ணு. சிட்டியை அவன் கிரவுண்டுலயே 2-1!!! 88வது நிமிஷம் வரைக்கும் பின்தங்கி இருந்துட்டு, புரூனோ பெனால்டி, 90ல அமாத். ரேஷ்ஃபோர்டையும் கர்னாச்சோவையும் டீமுலயே எடுக்கல, அமோரிமுக்குத் தில்லு இருக்கு. சிட்டி போட்ட கோலும் கார்னர்லருந்து வந்ததுதான், இன்னைக்கு அதப் பத்திப் பேசப் போறதில்ல.

டிசம்பர் 20, வெள்ளி

பேசித்தான் ஆகணும். டாட்டன்ஹாம் ஸ்பர்ஸ்கூட லீக் கப், 3-0 பின்தங்கி இருந்ததை நம்மாளுங்க 3-2க்குக் கொண்டுவந்துட்டாங்க, அதுல பாதி அவங்க கோலி ஃபார்ஸ்டர் புண்ணியம். சரி வந்துருச்சுன்னு எழுந்து நின்னேன். அவங்க ஆளு சொன் கார்னர் எடுத்தான். யாரும் தொடல. நேரா உள்ள. யாருமே தொடலங்க! நம்ம கோலி பயந்தீர் கையைத் தூக்கி ரெஃபரிகிட்டப் புகார் சொல்றான். எவான்ஸ் கடைசில ஒண்ணு போட்டு 4-3, அதுவும் நம்ம கார்னர்லதான், ஆக அடிக்க மட்டும் தெரியுது.

டிசம்பர் 27, வெள்ளி

நடுவுல ஞாயித்துக்கிழமை போர்ன்மத், சொந்த கிரவுண்டுல 0-3. மொத கோல் ஃப்ரீ கிக், ஹைசன் தலை. எழுதக்கூடத் தோணல.

நேத்து வுல்வ்ஸ். புரூனோ ரெட் கார்டு வாங்கிட்டுப் போயாச்சு, பத்து பேரு. குன்ஹா கார்னர் எடுக்க வாரான். என் பொண்டாட்டி தண்ணி பாட்டில் எடுக்க வந்தவ டிவியப் பாத்துட்டு, "அய்யோ கார்னரா"ன்னா. ஃபுட்பால்ல எத்தனை பேருன்னுகூட அவளுக்குத் தெரியாது. பந்து வளைஞ்சு நேரா உள்ள போச்சு, நம்ம கோலி ஒனானாவச் சுத்தி ஆளுங்க, அவன் எக்குறான், எட்டல. ஒரே வாரத்துல ரெண்டு தடவை நேரடிக் கார்னர் கோல். 2-0. அவ பாட்டில எடுத்துக்கிட்டு ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டா, திட்டிருந்தாக்கூடப் பரவால்ல.

எனக்கு ஒண்ணுதான் புரியல. ஃபார்மேஷன் பழக டைம் வேணும், சரி. ஆளு வாங்கக் காசு வேணும், சரி. கோலி முன்னாடி வந்து நிக்கிற எதிராளியத் தள்ளி நிக்க வைக்க ஒரு ஆள நிறுத்துறதுக்கு எந்த டிரான்ஸ்ஃபர் விண்டோ தொறக்கணும்?

டிசம்பர் 31, செவ்வாய்

ஒன்றரை மணி மேட்ச். நியூகாசில் 2-0, இசாக் நாலாவது நிமிஷம், ஜோயலின்டன் 19வது நிமிஷம். நடுவுல கசெமிரோவும் எரிக்சனும் மட்டும், அவங்கள ஓடியே தாண்டிப் போறான். 33வது நிமிஷம் அமோரிம் நம்ம ஸிர்க்ஸியை வெளிய எடுத்தாரு, ஓல்டு டிராஃபோர்டே அந்தப் பையனைக் கத்தி ஓட்டுது, அவன் நேரா உள்ள போய்ட்டான். எனக்குத் தொண்டைய அடைச்சுருச்சு. மிட்ஃபீல்ட அப்படி அமைச்சது அவனா? இந்த மாசம் மட்டும் ஆறு தோல்வி, மறுபடி 14வது இடம், டென் ஹாக் விட்டுட்டுப் போன அதே இடம். ரெலிகேஷன், அதான் கீழ் லீக்குக்கு இறங்குற பயம் இருக்குன்னு அமோரிமே ஒத்துக்கிட்டாரு.

தூங்கவே இல்ல. அஞ்சு மணிக்குக் கோயில் மைக்கு ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல அப்பா போன்.

"கார்னரா?"

"இல்லப்பா. ரெண்டுமே கிராஸ், தலையால முட்டுனது."

"அப்போ கார்னர் சரியாப் போச்சுன்னு சொல்லு."

சிரிப்பு வந்துருச்சு. அடுத்தது எப்பன்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை, லிவர்பூல், அவங்க கிரவுண்டுல, ராத்திரி பத்து மணிக்குன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

"பத்து மணின்னா நானும் பாக்கேன். அந்த டம்ளரெல்லாம் எடுத்து வையி."