எங்கள் தெருக் கேமராக்களைக் கணக்கெடுத்த அனுபவம்

போன வருஷம் ஆடி மாதம், எங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு முனையில் ஒரு பெரியம்மாவை பைக் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிவு. மகன் வெளியூரிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி அலைச்சல் ஓய்ந்து, புகார் கொடுக்கவே ஒன்பது நாள் ஆகிவிட்டது. காவல் நிலையத்தில் முதலில் கேட்டது, "அந்த முனையில கேமரா இருக்குமே?" என்றுதான். நலச்சங்கத்தில் கேமரா பொறுப்பு என்னுடையது. என்னிடம் இருந்த எக்செல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'மூன்றாவது குறுக்கு முனை, 2 கேமரா, இயங்குகிறது' என்று இருந்தது.

அந்த இரண்டு கேமராவின் படத்தையும் பதிவு செய்து வைக்கும் டிவிஆர் பெட்டி, மளிகைக்கடை அண்ணாச்சியின் கல்லாவுக்கு மேலே பலகையில் இருக்கிறது. "பெட்டி ஓடிட்டுதான் இருக்கு தம்பி, லைட்டு எரியுதுல்லா" என்றார். உண்மைதான். திரையைப் போட்டால் தெரு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மூலையில் தேதி 2000 ஜனவரி என்று இருந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனதால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பழையபடி தொடக்கத் தேதிக்கே போயிருக்கிறது. பழைய பதிவைத் தேடினால் ஆறு நாள் கூட இல்லை. அதுவும் கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது. அந்தப் பெட்டியில் சேர்ந்திருப்பது மொத்தம் எட்டு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறக்குறைய 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 170 ஜிபிக்கு மேல் போய்விடும். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஆறாம் நாளே நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு மேலே எழுத ஆரம்பித்துவிடும்.

அந்த மகன் கோபப்படவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கம் பக்கம். 2017-இல் அ.கா. விசுவநாதன் சென்னை காவல் ஆணையராக இருந்தபோது தொடங்கிய 'மூன்றாவது கண்' திட்டத்தின் வேகத்தில், தெருத்தெருவாக நன்கொடை திரட்டிக் கேமரா போட்டோம். ஊர் முழுக்க அப்படித்தான். 2020-இல் வந்த சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று உலக நகரங்களில் சென்னைக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் நானே பெருமையாகப் போட்டேன். ஆனால் என் பட்டியல் வந்த வழி என்ன? கடை பில்களைக் கூட்டி எழுதியது. வாங்கியதை எண்ணினோமே தவிர, கம்பத்தில் இருப்பதைப் போய்ப் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியபோது எத்தனை டிவிஆர் நனைந்து போனது என்று யாருமே எழுதி வைக்கவில்லை.

முதலில் ஸ்னைப்-ஐடி என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அலுவலகத்தில் லேப்டாப், மானிட்டர் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க அருமையான மென்பொருள். ஆனால் தெருக் கேமராவுக்கு 'யாரிடம்' என்பதோடு 'எங்கே', 'எந்தப் பக்கம் பார்த்து' என்பதும் வேண்டும். இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டு அதை விட்டேன். பிறகு கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளுக்கும், அதையே போனில் தெருவுக்கு எடுத்துப்போக உதவும் கியூஃபீல்டு செயலிக்கும் வந்தேன். இரண்டும் இலவசம். கேமரா ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தொட்டால் ஒரு படிவம் திறக்கும்: கம்ப எண், குழல் வடிவ புல்லட் கேமராவா குமிழ் வடிவ டோம் கேமராவா, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், எந்த டிவிஆரில் எத்தனையாவது சேனல், கரண்ட் யார் வீட்டு மீட்டரிலிருந்து, பூட்டின் சாவி யாரிடம், ஒரு போட்டோ.

இதில் 'இயங்குகிறது / இயங்கவில்லை' என்ற கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மூன்று கட்டம் வைத்தேன்: நேரலைப் படத்தைக் கடைசியாகக் கண்ணால் பார்த்த நாள், பழைய பதிவு ஒன்றைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த நாள், அப்போது டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளி இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை நூறு கேமராவைப் பட்டியல் போட்டாலும் வீண் என்பதே இதில் நான் கற்றது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, கல்லூரிப் பிள்ளைகள் இருவரோடு நடந்தேன். போன் ஜிபிஎஸ் ஐந்தாறு மீட்டர் தவறும். எங்கள் சந்துகளில் அது எதிர்வீட்டுச் சுவர். அதனால் புள்ளியை விரலால் இழுத்துச் சரியான கம்பத்தில் வைத்தோம். திசை எடுப்பதில்தான் பாடு. இரும்புக் கம்பத்தை ஒட்டி நின்று போன் திசைகாட்டியைப் பார்த்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே கேமராவுக்கு ஒருமுறை வடக்கு, மறுமுறை வடகிழக்கு. ஏழெட்டு அடி தள்ளி, கேமரா பார்க்கும் அதே பக்கம் பார்த்து நின்றுகொண்டு எடுத்தால் சரியாக வந்தது. எண் எழுதிய ஸ்டிக்கர்களை லேமினேட் செய்து கம்பத்தில் ஒட்டினோம். இந்தக் கோடையிலேயே எல்லாம் வெளுத்துவிட்டன. இப்போது கம்பத்தில் பெயின்ட்டால் எண், ஸ்டிக்கர் டிவிஆர் பெட்டிக்கு உள்பக்கம்.

பட்டியலில் இருந்தது 96. கம்பத்திலும் சுவரிலும் நாங்கள் கண்டது 113, கடைக்காரர்கள் தெருவைப் பார்த்து வைத்ததையும் சேர்த்து. அதில் படம் வந்தவை 61. பதினைந்து நாள் பதிவு இருந்தவை வெறும் 22.

அதைவிட அதிர்ச்சி வரைபடத்தில் இருந்தது. கியூஜிஐஎஸ்ஸில், திசையையும் பார்வைக் கோணத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விசிறி மாதிரி ஒரு வடிவம் வரைந்துவிடலாம். 3.6 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏறக்குறைய 80 டிகிரி வைத்து வரைந்தேன். நகைக்கடை வாசலில் ஐந்து விசிறி ஒன்றன்மேல் ஒன்று. ஏரிக்கரைச் சாலைத் திருப்பத்தில் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் திரும்புகிற இடம் அது. நன்கொடை கொடுத்தவர் வாசலிலேயே கேமரா வைத்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். யாரையும் குற்றம் சொல்லவில்லை, வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு விசிறி நேராக ஒரு வீட்டு மாடிக்குள் போனது. டிவிஆரில் போய்ப் பார்த்தால், துணி உலர்த்தும் பால்கனி முழுசாகத் தெரிகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நாலு வருஷமா அந்தப் பக்கம் துணி காயப்போடவே கூச்சமா இருக்கும்ப்பா, யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அன்றைக்கே கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பி, மீதி தெரிந்த பகுதியை டிவிஆரின் பிரைவசி மாஸ்க் வசதியில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தோம். அதன்பின் படிவத்தில் 'வீட்டு ஜன்னல், மாடி தெரிகிறதா?' என்ற கேள்வியைக் கட்டாயமாக்கினேன். மொத்தம் ஏழு கேமராவைத் திருப்ப வேண்டியிருந்தது. இதற்காக மட்டுமே இந்தக் கணக்கெடுப்பைச் செய்திருந்தாலும் தகும்.

பாஸ்வேர்டு விஷயம். பாதிப் பெட்டிகளில் கம்பெனி கொடுத்த அதே பாஸ்வேர்டு, இணைய இணைப்போடு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபரில் இணையதள முகவரிகளைக் கண்டுபிடித்துத் தரும் சேவை நடத்திய அமெரிக்காவின் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டர் முதலான தளங்களை முடக்கியது. எல்லாவற்றையும் மாற்றினோம். புதியவற்றை வரைபடத்தில் வைக்கவில்லை. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் மென்பொருளின் கோப்பில் தனியாக, இரண்டே பேர் கையில். உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற வரைபடத்தில் கேமரா இருக்கும் இடம் மட்டும் இருக்கும். எது பழுது என்ற விவரம் இருக்காது.

டிவிஆரின் மாடல், சீரியல் எண்ணையும் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை மாதிரியான ஓர் எண்) எல்லாம் அதில் கேட்கப்படுகிறது. அவசரத்தில் பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்து எழுதுகிற வேலை மிச்சம்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, பெட்டி இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவு ஒன்றை ஓட்டி, திரையையும் தன் கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். நான் தேதியைப் போடுகிறேன். 30 நாள் தாண்டிய புள்ளி மஞ்சளாகும், 60 தாண்டினால் சிவப்பாகும், வரைபடமே மாற்றிக்கொள்ளும்படி எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி கடைப் பெட்டிக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், புது பொத்தான் பேட்டரி. எல்லாப் பெட்டிகளையும் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே ஏற்றியாயிற்று. போன மாதம் அவரே, "தம்பி, மணி ரெண்டு நிமிஷம் பிந்துது, குறிச்சுக்கிடுங்க" என்று போன் செய்தார்.

பெரியம்மா இப்போது வாக்கர் வைத்து வாசல்வரை நடக்கிறார். இடித்த பைக் இன்னும் கிடைக்கவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்துக்கு நகைக்கடை வாசலிலிருந்து இரண்டு கேமராவை மாற்றிவிட்டோம். கரண்ட் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறது. அது வரும்வரை வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளியும் சிவப்பாகவே இருக்கும்.