கெண்டைக்கால் பிடிப்புக்கு வைட்டமின் ஈ: 29 நாள் நான் பட்ட பாடு

அலமாரியில் அந்த டப்பா இன்னும் இருக்கிறது. 60 காப்ஸ்யூலில் 37 போக 23 மிச்சம். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் தினமும் பேச்சு. இதை எழுதி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்கிறவர்கள் யாராவது இதே டப்பாவை வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிடிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வயது 61. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு வரும். புரண்டு படுக்கும்போது காலை லேசாக நீட்டினால் போதும், கெண்டைச்சதை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு கல்லாகிவிடும். கட்டைவிரல் கீழ்ப்பக்கமாக மடங்கி நிற்கும், மனசால் எவ்வளவு சொன்னாலும் நிமிராது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ ஆகும் விடுவதற்கு. விட்ட பிறகும் மறுநாள் முழுக்க அந்த இடத்தில் அடிபட்ட மாதிரி வலி. வாரத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்து, இரண்டே மாதத்தில் வாரத்துக்கு நாலு ராத்திரி என்று ஆகிவிட்டது.

வைட்டமின் ஈ யோசனையைத் தந்தவர் என் மச்சினர். அவருக்கு அது கேட்டதாம். கூடவே ஒரு கட்டுரையும் அனுப்பினார். கால் பிடிப்பு இருந்த 125 பேருக்குக் கொடுத்ததில் 103 பேருக்கு முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ குணமானது என்று அதில் இருந்தது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்! தூக்கமில்லாதவனுக்கு அந்த ஒரு வரி போதாதா?

மருந்துக்கடையில் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வைட்டமின்தானே என்ற நினைப்பு இரண்டு பக்கமும். இத்தனைக்கும் பிரஷருக்கு ஒன்று, இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் ஒன்று என்று வருஷக்கணக்கில் சாப்பிடுகிற ஆள் நான். எனக்கு இன்னும் ஆறவில்லை என்றால் அது இந்த இடம்தான்.

டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 400 என்று போட்டிருந்தது. 400 என்ன? சில டப்பாவில் அது ஐ.யூ. என்கிற யூனிட், சிலவற்றில் மில்லிகிராம். இரண்டும் ஒன்றல்ல. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேபிளில் சின்ன எழுத்தில் ‘டி-ஆல்ஃபா டோகோஃபெரால்’ என்று இருந்தால் இயற்கையானது, 400 யூனிட் என்பது 268 மில்லிகிராம். ‘டிஎல்-ஆல்ஃபா’ என்று இருந்தால் செயற்கையாகத் தயாரித்தது, அதே 400 யூனிட் 180 மில்லிகிராம்தான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். எதுவானாலும் சரி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம். அதாவது நான் முதல் நாளே தேவையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விழுங்கினேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சரியாக உடம்பில் சேராது. இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருக்கிற சாப்பாட்டோடு போட்டால்தான் உறிஞ்சப்படும். அதை மட்டும் மச்சினர் சரியாகச் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் பிடிப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மச்சினருக்கு போன் போட்டு நன்றி சொன்னேன். இரண்டாவது வாரம் மூன்று முறை. மூன்றாவது வாரம் ஐந்து முறை, அதில் ஒரு ராத்திரி இரண்டு காலிலும் ஒரே நேரத்தில். அன்றைக்கு என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டு, “என்னங்க, டாக்டரைப் பார்த்துடுவோம், இதுக்கு மேல தாங்காது” என்றாள். 21 காப்ஸ்யூல் முடிந்திருந்தது.

டாக்டர் வீட்டுக்குப் போன முதல் பயணம் முழு வீண். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போனால், அவர் கேட்ட முதல் கேள்விக்கே பதில் இல்லை.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“பிரஷருக்கு ஒண்ணு டாக்டர், ரத்தம் இளகுறதுக்கு ஒண்ணு.”

“பேரு?”

தெரியவில்லை. வெள்ளையாக, வட்டமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். “அட்டையை எடுத்துட்டு வாங்க. பேரு தெரியாம நான் எதை வச்சுச் சொல்றது?” அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வெளியே வந்து, மறுநாளே வருகிறேன் என்று கேட்டால், அங்கே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “எட்டு நாள் கழிச்சுத்தான் இடம் இருக்கு” என்று முடித்துவிட்டார். அட்டையைக் காட்டிவிட்டு ஒரே நிமிஷத்தில் போய்விடுகிறேன் என்று கெஞ்சியும் பயனில்லை. வைட்டமின் காப்ஸ்யூல் சாப்பிடுகிறேன் என்பதை அன்றைக்கும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அது மருந்துக் கணக்கில் சேரும் என்றே தோன்றவில்லை.

அந்த எட்டு நாளில் நான் செய்ததுதான் பெரிய தப்பு. அளவு போதவில்லை போலிருக்கிறது என்று ஒன்றை இரண்டாக்கினேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பிடிப்பு ஒரு துளி குறையவில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பிரஷ் புதுசு, ஈறில் குத்தியிருக்கும் என்று விட்டேன். அப்புறம் முன்கையில் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று.

இரண்டாவது முறை போகும்போது என் மனைவி ஒரு துணிப்பையில் வீட்டில் இருந்த அத்தனை மருந்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பழைய அட்டை, புது அட்டை, பழைய சீட்டு, வைட்டமின் டப்பா, வலிக்குத் தேய்க்கிற தைலம் உட்பட. எதுக்கு இவ்வளவும் என்று நான் கேட்டேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்தப் பைதான்.

டாக்டர் முதலில் எடுத்தது வைட்டமின் டப்பாவை. “ஆஸ்பிரினோட இதையா? அதுவும் ரெண்டா?” என்றார். கையைத் திருப்பித் திட்டுகளைப் பார்த்தார். வைட்டமின் ஈ அதிக அளவில் போனால், அடிபட்ட இடத்தில் ஒட்டி ரத்தத்தை அடைக்கிற ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும், ரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே-யின் வேலையிலும் குறுக்கே நிற்கும். ஆஸ்பிரினும் ஏற்கெனவே தட்டுகளைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் என்றால் ஆபத்து இன்னும் அதிகம் என்றார். அன்றோடு காப்ஸ்யூல் நின்றது. திட்டுகள் மறைய இரண்டு வாரம் ஆனது.

அடுத்து அவர் பிரஷர் மாத்திரையின் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், உள்ளே இருக்கிற மருந்து வேறு. பழைய மாத்திரையால் கணுக்கால் வீங்குகிறது என்று நான்தான் வேறொரு டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்கியிருந்தேன். புதியதில் குளோர்தாலிடோன் சேர்ந்திருந்தது. சிறுநீர் அதிகமாகப் பிரிய வைக்கிற மருந்து, நீரோடு உப்புச் சத்துகளையும் இழுத்துக்கொண்டு போகும். “பிடிப்பு எப்போ ஆரம்பிச்சது?” என்று கேட்டார். சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தேன். மாத்திரை மாறி மூன்றாவது வாரம்.

மாற்றிக் கொடுத்தபோது, கால் இழுத்தால் வந்து சொல்லுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை ராத்திரி போயிருக்காது.

ரத்தப் பரிசோதனை ஒரே நாளில் முடிந்தது. அந்த உப்புச் சத்துகளில் ஒன்றான பொட்டாசியம் 3.2. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின், மெக்னீசியம் எல்லாம் சரி. பிரஷர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார், பொட்டாசியத்துக்கு இரண்டு வாரம் மருந்து கொடுத்தார். இதைப் படித்துவிட்டு உங்கள் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பொட்டாசியத்தையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கூடினாலும் இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தூக்கம் திரும்பிய பிறகு அந்த 103 பேர் கதையைத் தேடிப் படித்தேன். அது பொய்யில்லை. 1974-ல் சாமுவேல் ஏயர்ஸ், ரிச்சர்ட் மிஹன் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் எழுதியது. ஆனால் வைட்டமின் இல்லாத வெறும் மாத்திரையை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கால் பிடிப்பு தானாகவே சில வாரம் கூடும், சில வாரம் குறையும். மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுவோம், அதனால் அடுத்து வருகிற நல்ல வாரத்தின் பெருமை மருந்துக்குப் போய்விடும். என் முதல் வாரத்தில் நடந்தது அதேதான். 1992-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 27 பேருக்கு, தூங்கப் போகும்போது 800 யூனிட் கொடுத்து, வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வைட்டமின் ஈ-யால் பிடிப்பு குறையவில்லை. மச்சினர் அனுப்பிய கட்டுரையில் இந்த 1992 இல்லவே இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு வருகிற பிடிப்பு வைட்டமின் ஈ கொடுத்ததில் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, 2001-ல் வந்த ஒன்றில் 60 பேர் இருந்தார்கள். அவர்கள் தங்கள் சிறுநீரக டாக்டரிடம் பேச வேண்டியது அது. கடையில் போய் வாங்குகிற சமாசாரம் இல்லை.

நான் ஆண் என்பதால் இன்னொன்றும் உறுத்தியது. செலக்ட் என்று ஒரு பெரிய ஆய்வு, 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011-ல் வெளியிட்டார்கள். என் டப்பாவில் இருந்ததும் அதே 400.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மலேரியா மருந்தான குயினைன் கேட்கும் என்றார். பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரத்தத் தட்டுகளைத் திடீரென்று தாறுமாறாகக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. கால் பிடிப்புக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எனக்குத் தொடவே பயம்.

எனக்கு நிஜமாகவே கைகொடுத்த இன்னொரு விஷயத்துக்குக் காசே இல்லை. படுக்கப் போவதற்கு முன் சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் சுவர்ப் பக்கம் சாய வேண்டும். கெண்டை இழுபடுவது தெரியும். பத்து எண்ணிவிட்டு விட வேண்டும். ஒரு காலுக்கு மூன்று முறை. அப்புறம் தொடையின் பின்பக்கத்துக்கும் அதே மாதிரி. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரை வைத்து ஆறு வாரம் பார்த்ததில், இப்படிச் செய்தவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது, 2012-ல் வந்த ஆய்வு. முதலில் நான் குதிகாலைத் தூக்கிக்கொண்டே செய்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. குதிகால் பதிய வேண்டும். போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதீர்கள், அது பாதத்தைக் கீழே தள்ளியே வைத்திருக்கும்.

பிடித்துவிட்டால் பாதத்தை நீட்டாதீர்கள். விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம், அல்லது எழுந்து பாதம் முழுக்கத் தரையில் பதிய நில்லுங்கள். நான் பல ராத்திரி காலை நீட்டி நீட்டியே பிடிப்பை அதிகமாக்கிக்கொண்டேன்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது சாதாரணப் பிடிப்பாக இல்லாமல் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். நடக்கும்போது கெண்டை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

இப்போது மாத்திரை மாறி 40 நாள் ஆகிறது. நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். முதல் பத்து நாளில் நாலு முறை, அதற்கப்புறம் இரண்டே முறை. பொட்டாசியம் 4.1-க்கு வந்துவிட்டது. சாப்பிடுகிற மருந்துகளின் பெயர், அளவு, எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று என் மனைவி ஒரு தாளில் எழுதி என் பர்ஸில் வைத்திருக்கிறாள். போன வாரம் சளிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, கடையில் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, கையில் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். “பிரஷர் இருக்கே சார், அது உங்களுக்கு வேண்டாம்” என்றாள்.