பத்தொன்பது வயதில் ஒரு பிரகடனம்

அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சனின் 'கன்ட்ரோல்' இசைத்தொகுப்பு 1986 பிப்ரவரியில் வெளிவந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அதற்கு முந்தைய இரண்டு தொகுப்புகளும் தந்தை ஜோ ஜாக்சனின் மேற்பார்வையில் உருவானவை. அவற்றில் இனிமை உண்டு, ஆனால் பாடுபவர் யார் என்பது தெரியவே தெரியாது. தந்தையின் நிர்வாகத்திலிருந்து விலகி, மினியாபொலிஸ் நகருக்குச் சென்று, ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இரு தயாரிப்பாளர்களுடன் அமர்ந்து, தன் வாழ்க்கையையே பாடல்களுக்குக் கருவாகக் கொடுத்த பிறகுதான் அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்தது.

தலைப்புப் பாடலை அவர் பாடித் தொடங்குவதில்லை, பேசித் தொடங்குகிறார். உரத்துப் பேசவில்லை, முடிவெடுத்துவிட்ட ஒருவரின் நிதானம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும். விடுதிக்கு வெளியே ஆண்கள் சிலர் தன்னைத் தொந்தரவு செய்தபோது ஒளிந்துகொள்ளாமல் எதிர்த்து நின்ற அனுபவத்திலிருந்தே 'நாஸ்டி' பாடல் பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கொஞ்சல் பெயரால் அழைப்பவனிடம் தன் பெயரைச் சொல்லி அழைக்கும்படி அவர் கேட்கும் அந்த இடத்தில், இரும்பைத் தட்டுவது போன்ற தாளம் அவருக்குத் துணை நிற்கிறது.

ஒரு பாடகியின் துணிச்சல் என்றாலே அதை உடையைப் பற்றிய பேச்சாக்கிவிடுகிறோம். இதே தொகுப்பில், காதலில் அவசரம் வேண்டாம், காத்திருப்போம் என்று மென்மையாகச் சொல்லும் பாடலும் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் துணிச்சலானதாகப் படுவது அதுதான்.