கிளிநொச்சியில் சலவைத் தொழிலாளர் ஒன்றுகூடல்

வன்னியின் சலவைத் தொழிலாளர்களும் லோண்டரி உரிமையாளர்களும் நேற்றுக் கிளிநொச்சியில் ஒன்றுகூடினோம். பேச்சில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது, அது நியாயமும்கூட. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் நீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால், சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதிலாகத் திரண்டு துணியின் இழைகளில் படிந்து, பிள்ளைகளின் வெள்ளைப் பாடசாலைச் சீருடையை நாளடைவில் மங்கச் செய்துவிடுகிறது. முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த மூத்தவர் ஒருவர், கடைசி அலசலில் சிறிது வினாகிரி சேர்த்த சட்டையையும் சேர்க்காத சட்டையையும் மேசையில் அருகருகே விரித்து, இரண்டின் கழுத்துப்பட்டியையும் எங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வினாகிரி சேர்த்தது மெதுமெதுவென்றிருந்தது, மற்றது காய்ந்த ஓலைபோல் விறைத்திருந்தது. வினாகிரியைக் குளோரின் வெளிற்றியுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும் என்பதை அவர் இருமுறை வலியுறுத்தினார்.

உலர்சலவை குறித்தும் பேசினோம். பெயர் அவ்வாறிருந்தாலும் கூறைச்சேலை அங்கும் நனையவே செய்கிறது, நீரில் அல்ல, கரைப்பானில். நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பேர்க்குளோரோஎதிலீன் என்ற கரைப்பான், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் மிகுந்தது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. உலர்சலவையில் அதன் பயன்பாட்டை 10 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்கா 2024 டிசெம்பரில் வெளியிட்டது. நாள் முழுதும் அந்த ஆவியருகே நிற்பவர்கள் எங்கள் சகோதரர்கள். ஆகவே, பழைய இயந்திரம் மலிவாக வருகிறதென்று வாங்க எண்ணுவோர், அதில் எந்தக் கரைப்பான் ஓடுகிறது என்று கேட்டறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.