அப்பாவின் டேப் ரெக்கார்டரும் ஒரு அகௌஸ்டிக் கிட்டாரும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டின் தொடக்கத்தில் முகத்தில் அறைகிற மாதிரி வரும் கிட்டார், எலெக்ட்ரிக் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தப் பாட்டில் எலெக்ட்ரிக்காக இருப்பது பேஸ் (அடிநாதம் தரும் கிட்டார்) மட்டும்தான். குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு சின்ன பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரின் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அகௌஸ்டிக் கிட்டாரை வாசித்திருக்கிறார். அந்த ரெக்கார்டர் தாங்காமல் திணறிய சத்தம்தான் அது. அப்புறம் கேசட்டை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, எதிரில் மைக் வைத்து ஸ்டுடியோ டேப்பில் ஏற்றியிருக்கிறார்கள். 1968-இல், கையில் எந்த ஆம்பையும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கும் காசு இருந்தவர்கள்!

நம்மிடம் ஆம்பே இல்லை. ஆனால் பரணில் அப்பாவின் மோனோ டேப் ரெக்கார்டர் இருந்தது. அதே சத்தத்தை அதில் வரவழைத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம் முழுக்க ரிப்பேரிலேயே போயிற்று. உள்ளே ரப்பர் பெல்ட் உருகி, வெல்லப்பாகு மாதிரி புல்லியில் ஒட்டிக்கிடந்தது. புது பெல்ட் போட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். காலி கேசட் கிடைக்கவில்லை. ஒரு பழைய கதை வசனக் கேசட்டின் மேல்முனை ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, ரெக்கார்ட் பொத்தான் அமுங்கும்படி செய்தேன். (பக்திப் பாடல் கேசட்டுகளைத் தொட்டால் அம்மா விடமாட்டார்.)

கிட்டாரை ஓபன் டி-க்கு, அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும் சுருதிக்கு, மாற்றினேன்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. மைக்குக்கு நான்கு விரற்கடை தூரத்தில் கிட்டாரின் சவுண்ட்ஹோல் (நடுவில் உள்ள வட்டத் துளை) வரும்படி உட்கார்ந்து ஓங்கி ஓங்கி அடித்தேன்.

போட்டுக் கேட்டால் ஏமாற்றம். கரகரப்பே இல்லை. அடி விழுந்ததும் சத்தம் உள்ளே அமுங்குகிறது. கை நின்றதும், ஏதோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் மின்விசிறியின் ஓசை மெல்ல எழுகிறது. அடுத்த அடிக்கு மறுபடி பதுங்குகிறது. கிட்டாரைவிட மின்விசிறிதான் நன்றாகப் பதிவாகியிருந்தது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. ரிச்சர்ட்ஸ் கையில் இருந்தது ஆரம்பகால மாடல். பதிவளவைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று அதில் கிடையாது. பின்னால் வந்த ரெக்கார்டர்களில் அது உண்டு. சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். பேச்சைப் பதிய அருமையான வசதி, எனக்கோ பெரிய தொல்லை.

அப்போதுதான் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' நினைவுக்கு வந்தது. அதுவும் 1968-தான். லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் கிட்டாரை ஆம்பில் செருகாமல் நேராக ஒலிப்பதிவு மிக்சரில் செருகி, ஒரு ப்ரீஆம்பை (ஒலியை முதலில் பெருக்கும் சுற்று) அடுத்ததில் கோத்து இரண்டையும் அளவுக்கு மீறித் திணறடித்தார்கள். சரி, காற்று வழியாக முடியாவிட்டால் கம்பி வழியாகப் போகலாமே?

முதலில் போனில் கிட்டாரைப் பதிந்துகொண்டேன். போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகினேன். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். போன் தருவது அதைப்போல் நூறு மடங்குகூட இருக்கலாம். தானியங்கிச் சுற்று சுதாரிப்பதற்குள் முதல் டிரான்சிஸ்டரே மூச்சுத் திணறும் என்பது என் கணக்கு. வால்யூம் பாதியில் வெறும் இரைச்சல், மணிச்சட்டம் உடைந்த மாதிரி. கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்தபோது வந்தது: கம்பியில் பிக் (மீட்டும் சின்னத் தகடு) உரசும் சரக்கென்ற ஒலி அப்படியே இருக்க, அதன் அடியில் தகரம் கிழிகிற ஒரு உறுமல்.

அதை ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கரில் ஓடவிட்டு, குளியலறையில் போனை வைத்து மறுபடி பதிந்தேன். எதிரொலி சேர்ந்ததும் இன்னும் பிரமாதம். அசலைப் போலவே இருக்கிறது என்று சொன்னால் பொய். ஆனால் இது அகௌஸ்டிக் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

1964-இல் கிங்க்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ், கரகரப்புக்காகத் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினாரே, அதையும் செய்து பார்க்கத்தான் ஆசை. இந்த ஸ்பீக்கரில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை. குப்பையில் போகவிருந்த ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பா கூடத்திலிருந்தே முழுசாகக் கேட்டார். "ரெக்கார்டர் ஓடுதே, பரவாயில்லை. ஹெட்டை மட்டும் இன்னொரு தடவை துடைச்சிடுடா" என்றார்.