எடை மேடை காணாமல் போன மத்தியானம்

பிசான நெல் அறுவடை சமயத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓர் ஆலையின் எடை மேடையை நான் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் ஆக்கினேன்.

ஆலையின் ஆபீஸுக்கும் எடை மேடைக் கொட்டகைக்கும் நடுவில் களமும் குடோனும் கிடக்கின்றன. சாதாரண நெட்வொர்க் கேபிளான கேட் 6 (Cat 6) 100 மீட்டரோடு சரி, இது அதைத் தாண்டிய தூரம். அதனால் ஃபைபர். ஆபீஸில் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்தும் (ரூட்டிங்) லேயர் 3 ஸ்விட்ச், கொட்டகையில் சாதாரண லேயர் 2 ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவில் பல வீலான்களை ஒரே லைனில் சுமக்கும் ட்ரங்க். வீலான் என்றால் ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க். பில் போடும் சர்வர் வீலான் 10-ல், 192.168.10.5. எடை மேடைக் கம்ப்யூட்டர் வீலான் 30-ல், 192.168.30.15. இரண்டுக்கும் நடுவே ரூட்டிங் செய்வது ஆபீஸ் ஸ்விட்ச். இதை ஒரு வாரம் முன்பே நான் அமைத்துக் கொடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போனது கேமராவுக்கு. களத்தைப் பார்க்கிற கேமராக்களுக்கு வீலான் 20 போட்டு, அதையும் ட்ரங்கில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக பஸ் பிடித்துப் போய், பதினொன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டேன். ஆபீஸ் திரையில் களம் பளிச்சென்று தெரிந்தது, மூலையில் ஒரு மயில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது. கான்ஃபிகை சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதி இறங்கவில்லை, மேனேஜர் அண்ணாச்சியின் போன். "தம்பி, எடை ஏற மாட்டேங்கு. லாரிக்காரன் ஏசுதான், கொஞ்சம் வாங்க."

நெல் லாரிக்கு எடை இரண்டு தடவை. பாரத்தோடு ஒன்று, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒன்று. முதல் எடை சர்வரில் இருக்கிறது. சர்வர் கிடைக்காவிட்டால் வெறும் வண்டி வெளியே போக முடியாது, பார வண்டி உள்ளே வர முடியாது. கொட்டகைப் பையன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தான்.

எடை மேடைக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கிற சோதனை, போகவில்லை. அதன் வெளிவாசலான கேட்வே, ஆபீஸ் ஸ்விட்ச்சில் இருக்கிற 192.168.30.1-க்கும் போகவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தில் நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஃபைபரில் கோளாறோ என்று பார்த்தேன். கேமரா ஓடுகிறதே, அப்படியானால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, வீலான் 20-க்கு மட்டும்.

களத்து வெயிலில் நடந்து ஆபீஸுக்கு வந்து, ஸ்விட்ச்சின் வழிப் பட்டியலைக் காட்டச் சொல்லி "ஷோ ஐபி ரூட்" அடித்தேன். 10 இருக்கிறது, 20 இருக்கிறது, 30-ஐக் காணவே காணோம். ஆகா, ரூட்டிங்தான் போச்சு என்று நம்பிவிட்டேன். "ஐபி ரூட்டிங்" கட்டளையைத் திரும்ப அடித்தேன். அது ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. 30-க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதும் வழி, எழுதினேன். ஸ்விட்ச்சிலேயே நேரடியாக இருக்க வேண்டிய நெட்வொர்க்குக்கு ஸ்டாட்டிக் ரூட் எழுதுகிறவனை என்ன சொல்ல? இப்படியே முக்கால் மணி நேரம்.

அப்புறம்தான் வீலான் 30 இன்டர்ஃபேஸை, அதாவது அந்த கேட்வே உட்கார்ந்திருக்கிற இடத்தை, பார்த்தேன். லைன் ப்ரோட்டோகால் டவுன். ஒரு வீலானில் உயிரோடு ஒரு போர்ட்டாவது இருந்தால்தான் அதன் இன்டர்ஃபேஸ் எழுந்து நிற்கும். இன்டர்ஃபேஸ் படுத்தால் அந்த நெட்வொர்க் ரூட்டிங் டேபிளிலிருந்தும் போய்விடும். ஆபீஸ் ஸ்விட்ச்சில் வீலான் 30-க்கென்று தனியாக ஒரு போர்ட்டும் கிடையாது. அதற்கு இருந்த ஒரே வழி ட்ரங்க்.

"ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" அடித்ததும் வயிற்றைக் கலக்கியது. அனுமதித்த வீலான் பட்டியலில் 20 மட்டும். காலையில் நான் அடித்தது "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வீலான் 20". நடுவில் "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். அது இருந்தால் பழைய பட்டியலோடு 20 சேரும், இல்லாவிட்டால் பழையது மொத்தமும் அழிந்து 20 மட்டும் நிற்கும். ஸ்விட்ச் ஒரு வார்த்தை எச்சரிக்கவும் இல்லை. நல்லவேளை, ஆபீஸ் பக்கம் அடித்தேன். இதே தப்பை இங்கிருந்தபடி கொட்டகை ஸ்விட்ச்சில் செய்திருந்தால், வீலான் 10 வழியாக உள்ளே போன என் தொடர்பும் அறுந்து, ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு களத்தைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும்.

"ஆட் 10,30" என்று அடித்தேன். கொஞ்ச நேரத்தில் 30 இன்டர்ஃபேஸ் எழுந்தது, ரூட்டும் தானாகவே வந்து உட்கார்ந்தது. நான் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டை யாரும் பார்ப்பதற்குள் அழித்தேன்.

இதோடு விட்டதா? சர்வரிலிருந்து எடை மேடைக்கு பிங் அடித்தால் பதிலே இல்லை. மறுபடியும் ட்ரங்க், மறுபடியும் முகவரிப் பட்டியலான ஏஆர்பி டேபிள் என்று தோண்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"இன்னும் என்ன தம்பி பாக்கிய? அங்க ரெண்டு வண்டிக்கு சீட்டு வந்துட்டுல்லா."

எடை மேடைக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபயர்வால், வேறு நெட்வொர்க்கிலிருந்து வருகிற பிங்கை மட்டும் தடுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து சர்வருக்குப் போகிற எடைக்கு ஒரு தடையும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் பிங்குக்கு வழி திறந்துவிட்டு, ட்ரங்க் பட்டியலை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். நோட்டில் இருந்த எடைகளைப் பையன் ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேமராத் திரையில் கடைசி வெறும் லாரி கேட்டைத் தாண்டியபோது மணி நான்கு.