பட்டறை நோட்டு

எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல ஒரு கொல்லம்பட்டறை இருக்கு, அம்பாசமுத்திரம் போற ரோட்டுல. அண்ணாச்சி பண்ணருவா, வெட்டருவா, மம்பட்டின்னு எல்லாம் அடிச்சுக் குடுப்பாக. சுவத்து ஆணியில ஒரு நோட்டு தொங்கும், கரிக்கை பட்டு ஓரமெல்லாம் கருத்துக் கெடக்கும். அருவா வாங்க வாரவன் பேரு, ஊரு, போன் நம்பர், எதுக்கு வாங்குதான், எல்லாம் அதுல எழுதுவாக. 2021 செப்டம்பர்ல நம்ம ஜில்லாவுலயும் திண்டுக்கல் பக்கமும் வரிசையா கொலை விழுந்துச்சுல்லா, அப்ப டிஜிபி சைலேந்திர பாபு போட்ட உத்தரவுல வந்த பழக்கம் இது.

எங்க அத்தை மவன் டெக்ஸாஸ்ல இருக்கான். போன்ல இதச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அதே 2021 செப்டம்பர்லதான் அவங்க ஸ்டேட்டுல 21 வயசு ஆனவன், சட்டத்துல தடை இல்லாதவன்னா, லைசென்ஸே இல்லாம கைத்துப்பாக்கிய இடுப்புல வச்சுட்டுத் திரியலாம்னு ஆக்குனாங்களாம். அவன் மவ ரெண்டாங்கிளாஸ். எவனாச்சும் துப்பாக்கியோட உள்ள வந்தா கதவப் பூட்டி, லைட்ட அணைச்சி, சத்தமில்லாம சுவரோரமா உக்காரப் பழக்குதாங்க ஸ்கூல்ல. அதச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி ஆயிட்டு.

அங்க கடையில துப்பாக்கி வாங்குனா ஃபாரம் எழுதணும், பழைய குத்தம் ஏதும் இருக்கான்னு எஃப்பிஐ, அதான் அவங்க மத்திய போலீஸ், பாக்குற செக் உண்டு, ஆனா மூணு வேலை நாளுக்குள்ள பதில் வரலன்னா கடைக்காரன் குடுத்துரலாம், 2015ல சார்ல்ஸ்டன் சர்ச்சுல 9 பேரைச் சுட்டவன் அப்படித்தான் வாங்கிட்டுப் போனான். கடை வைக்காத தனி ஆளு தன் துப்பாக்கிய வித்தா நாடு பூரா உள்ள ஃபெடரல் சட்டத்துல அந்த செக்கும் கெடையாது. 2022ல டெக்ஸாஸ்லயே உவால்டி ஸ்கூல்ல 19 பிள்ளைங்க, 2 டீச்சர் செத்தாங்களே, சுட்டவனுக்கு 18 வயசு, பொறந்தநாள் முடிஞ்ச கையோட கடையிலயே ரைஃபிள் வாங்கியிருக்கான். அடுத்த மாசமே சட்டம் வந்துச்சு, 21 வயசுக்குக் கீழ உள்ளவன்னா சின்ன வயசு ரெக்கார்டையும் பாக்கணும்னு. வாங்குற வயச மட்டும் ஏத்தல.

எனக்கு ஆத்தமாட்டாத விசயம் அமெரிக்காவோட 1994 சட்டம். கிளிண்டன் காலத்துல கடும் தண்டனையையும் ராணுவ மாடல் துப்பாக்கித் தடையையும் ஒரே சட்டத்துல வச்சாங்க. தடைக்கு மட்டும் பத்து வருசம்னு கெடு, 2004ல அது போச்சு. மூணாவது தடவ பெரிய குத்தம் பண்ணுனா ஆயுசு பூரா ஜெயிலுங்குற பாதி இன்னைக்கும் இருக்கு.

இங்க ஒரு கொலை விழுந்துட்டா டீக்கடையில "தூக்குல போடணும்ல இவனுவள"ன்னுதான் பேச்சு. எனக்கும் கோவம் வரும், ஆனா நம்மூர்ல பழிக்குப் பழி வெட்டுனவன் ஓடுதானா என்ன, நேரா கோர்ட்டுல போய் சரண்டர் ஆவுதான், ஜெயிலு உண்டுன்னு தெரிஞ்சுதான் அருவாளையே தூக்குதான், அவன்ட்ட பத்து வருசத்த இருவது வருசமாக்குனா என்ன மாறும்? 2019ல நம்ம ஆயுதச் சட்டத்துல தண்டனையக் கூட்டுனாங்க. ஆனா 1959லயே அந்தச் சட்டம் விவசாயத்துக்குன்னே செஞ்ச சாமானை ஆயுதமாவே எடுக்கல. அதுவும் நியாயந்தான், அருவா இல்லாம வாழத்தாரை எப்படி வெட்டுவாக? அப்ப மிச்சம் இருக்குறது அந்த நோட்டு மட்டுந்தான்.

வீட்டுல கெடக்குற பழைய அருவாள ஒருத்தன் எடுத்தா நோட்டு என்ன செய்யும்னு அண்ணாச்சிட்டயே கேட்டேன். "ஒண்ணும் செய்யாதுய்யா"ன்னாக. போன மாசம் ரெண்டு பயலுவ பைக்குல வந்து, நீட்டமா ரெண்டு அருவா வேணும், ரேட்டு எவ்வளவுனாலும் தாரோம்னானுவளாம். இவுக நோட்ட எடுத்து நீட்டவும் போன் வந்த மாதிரி வெளிய போனவனுவ, திரும்பி வரவே இல்ல.